ஹாக்கி சிமுலேஷன் லீக்கில் என் விங்கருக்குக் கோல் விழவில்லை. அடுத்து எந்தத் திறனை வளர்ப்பது?

மேலோட்டமாகப் பார்த்தால் "அடுத்த புள்ளிகளை எந்தத் திறனில் போடுவது" என்பதுதான் உங்கள் கேள்வி. கொடுத்திருக்கும் விவரங்களைப் படித்தபோது நீங்கள் உண்மையில் கேட்பது வேறு என்று தோன்றியது: "ஷூட்டிங்கில் கொட்டிக் கொட்டி வளர்த்தேன், அப்புறமும் ஏன் கோல் விழவில்லை?" நீங்கள் சொன்னது இவ்வளவு. ஃப்ராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜர் என்ற கணினி விளையாட்டின் எஞ்சினில் (ஆட்டத்தைக் கணக்கிட்டு ஓட்டும் நிரலில்) ஓடும் லீக். உங்கள் ஆள் வலது விங்கர் (ஓரத்தில் ஆடித் தாக்குபவன்), மூன்றாவது லைன் (மாறி மாறிக் களமிறங்கும் தாக்குதல் குழுக்களில் மூன்றாவது). ஷூட்டிங் அக்யூரசி 16, ஷூட்டிங் ரேஞ்ச் 15, மற்றதெல்லாம் 8, 9. இதுவரை 30 ஆட்டம், 31 ஷாட், 3 கோல். கையில் கொஞ்சம் புள்ளிகள் சேர்ந்திருக்கின்றன, அக்யூரசியை 18 ஆக்கிவிடலாமா என்று கேட்கிறீர்கள். வேண்டாம் என்பதுதான் என் பதில். ஏன் என்று கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் இதே தவறில் ஒரு வீரனின் பாதி வாழ்க்கையை நானும் வீணாக்கியிருக்கிறேன்.

இந்த விளையாட்டுக்குப் புதிதாக வருபவர்களுக்காக ஒரு விளக்கம். இது பள்ளி மைதானத்தில் நாம் ஆடிய ஹாக்கி இல்லை, ஐஸ் ஹாக்கி. பக்கத்துக்கு ஐந்து பேரும் கோலைக் காக்கும் ஒரு கோலியும், 170 கிராம் வரை எடையுள்ள பக் என்ற ரப்பர் வட்டு, சுமார் 200 அடி நீளப் பனித்தளம். சிமுலேஷன் லீக்கில் நீங்கள் ஒரே ஒரு வீரனை உருவாக்குகிறீர்கள். வாரா வாரம் பயிற்சி, கட்டுரை, கணிப்பு என்று ஏதாவது செய்து புள்ளி சம்பாதித்து அவனுடைய திறன்களில் போடுகிறீர்கள். ஆட்டத்தை ஆடுவது கணினி. கண்ட்ரோலரைப் பிடித்து நீங்கள் ஆடும் விளையாட்டில் எங்கே நிற்பது, எப்போது அடிப்பது என்பதை உங்கள் விரலும் கண்ணும் பார்த்துக்கொள்ளும். இங்கே அதைக்கூட எண்கள்தான் செய்ய வேண்டும். இந்த வித்தியாசத்தை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், கீழே சொல்வதெல்லாம் இதிலிருந்துதான் வருகிறது.

நான் பத்து வருடத்துக்கும் மேலாக இப்படிப்பட்ட லீக்குகளில் ஆடுகிறேன். முதலில் சைமன் டி ஹாக்கி சிமுலேட்டரில் ஓடிய லீக்குகள், பிறகு ஃப்ராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜர். இரண்டு முறை அணியின் ஜி.எம். (அணியை நிர்வகிக்கும் பொது மேலாளர்) ஆகவும் இருந்து, யாரை எந்த லைனில் போடுவது என்று மண்டையை உடைத்திருக்கிறேன். வசிப்பது கனடாவின் ஸ்கார்பரோவில். மகள் ஐஸ் ஹாக்கி ஆடுகிறாள் என்பதால் நிஜ ஆட்டத்தையும் வாரம் இரண்டு நாள் தடுப்புக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறேன். எஞ்சினை எழுதியவன் அல்ல நான். அதன் உள்ளே எந்தத் திறனுக்கு எவ்வளவு எடை என்று திறந்து பார்த்ததும் இல்லை. எனவே எது கணக்கு, எது என் ஊகம் என்று பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இதில் சந்தேகமே இல்லை. 31 ஷாட்டில் 3 கோல் என்றால் கிட்டத்தட்ட 10 சதவீதம். வட அமெரிக்காவின் தொழில்முறை ஐஸ் ஹாக்கி லீக்கான நிஜ என்.எச்.எல்.-இலும் மொத்த ஷாட்டில் கோலாவது ஏறக்குறைய பத்தில் ஒன்றுதான். அதாவது உங்கள் ஆள் அடிக்கும் ஷாட் மோசமில்லை. அவன் அடிப்பதே ஆட்டத்துக்கு ஒரு தடவைதான் என்பதே பிரச்சினை. இப்போது அக்யூரசியை 18 ஆக்குகிறீர்கள் என்று வையுங்கள். அதனால் 10 சதவீதம் 12 ஆகிறது என்று தாராளமாகவே எடுத்துக்கொள்வோம். அதே 31 ஷாட்டுக்கு 3 கோல் 3.7 ஆகும். ஒரு கோல்கூட முழுதாகக் கூடவில்லை. அதற்குப் பதிலாக ஆட்டத்துக்கு இரண்டு ஷாட் அடிக்க வைத்தால், இப்போதிருக்கும் அக்யூரசியிலேயே 30 ஆட்டத்தில் 6 கோல். சட்டியில் இருந்தால்தானே அகப்பையில் வரும்?

இதில் இன்னொன்றும் கவனியுங்கள். பத்து சதவீத வாய்ப்புள்ள ஒரு காரியத்தை 31 தடவை செய்தால் ஒரு கோலும் விழலாம், ஆறு கோலும் விழலாம், இரண்டுமே வெறும் அதிர்ஷ்டமாக இருக்கும். 3 கோலைப் பார்த்துவிட்டு "ஷூட்டிங் போதவில்லை" என்று முடிவு கட்டுவதும், பக்கத்து அணி விங்கர் 30 ஷாட்டில் 6 கோல் அடித்ததைப் பார்த்து அவனுடைய பில்ட்டை (திறன்களைப் பிரித்து வளர்த்த விதத்தை) காப்பி அடிப்பதும் ஒரே மாதிரியான தவறு. இவ்வளவு சின்ன எண்ணிக்கையில் கோல் பொய் சொல்லும். ஷாட் எண்ணிக்கை அவ்வளவாகப் பொய் சொல்லாது.

நிஜத்தில் யாரைப் பார்க்கலாம் என்றால் அலெக்ஸ் ஓவெச்கின். 2025 ஏப்ரல் 6 அன்று தன் 895-ஆவது கோலை அடித்து என்.எச்.எல். சாதனையாக இருந்த வெய்ன் கிரெட்ஸ்கியின் 894-ஐத் தாண்டியவர். அவர் 2008-09 சீசனில் 56 கோல் அடித்தார். அதற்கு அவர் அடித்த ஷாட் 528! விகிதம் போட்டுப் பாருங்கள், 10.6 சதவீதம்தான். வாழ்நாள் முழுக்க எடுத்தால் அவருடைய விகிதம் இதைவிட நல்லது, அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த வருடம் அவரை மற்றவர்களிடமிருந்து பிரித்துக் காட்டியது அடியின் துல்லியத்தைவிட அடித்த எண்ணிக்கை. அத்தனை தடவை அடிக்கக்கூடிய இடத்தில் அத்தனை தடவை அவர் இருந்தார், பக்கும் அவரிடம் வந்தது.

இதை நான் எண்களில் புரிந்துகொண்டதற்கு முன்பே ரிங்க்கில் பார்த்திருக்கிறேன். என் மகளின் பழைய அணியில் ஒரு பையன். பத்து வயதுதான், ஆனால் பயிற்சியில் அவன் அடித்தால் பக் தடுப்புப் பலகையில் மோதும் சத்தம் பார்வையாளர் பெஞ்ச் வரை கேட்கும். ஆட்டம் தொடங்கினால் ஆளையே காணோம். ஒரு சனிக்கிழமை காலை அவனை மட்டும் பார்ப்பது என்று முடிவு செய்து முழு ஆட்டமும் பார்த்தேன். தன் அணி பக்கைக் கொண்டு எதிரணியின் கோட்டுக்குள் நுழையும்போது, அவன் நேராகத் தனக்குப் பிடித்த இடத்துக்குப் போய் நின்றுகொள்வான். எதிரணித் தடுப்பாட்டக்காரனும் அவன் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்பான். பாஸ் கொடுக்க வழியே இல்லை. கோச் அவனிடம் ஷூட்டிங் பற்றிப் பேசவே மாட்டார். ஒவ்வொரு ஷிஃப்ட் (ஒரு முறை களமிறங்கி ஆடும் நேரம்) முடிந்து பெஞ்சுக்கு வந்ததும் குனிந்து ஒரே விஷயத்தைத்தான் சொல்வார்: நிற்காதே, அவன் பக்கைப் பார்க்கத் தலையைத் திருப்பும் நொடியில் இரண்டு அடி நகர்ந்துவிடு. உங்கள் விங்கரைப் பற்றிப் படித்ததும் எனக்கு அந்தப் பையன்தான் ஞாபகம் வந்தான்.

இப்போது உங்கள் எஞ்சினின் திறன்களைப் பாருங்கள். அந்த இரண்டு அடி நகர்வதற்குத் தனியாக ஒரு பெயரே இருக்கிறது: கெட்டிங் ஓப்பன். எப்போது நகர வேண்டும், ஆட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று முன்கூட்டி உணர்வது ஆஃபென்ஸிவ் ரீட். கிரெட்ஸ்கியை நினைத்துக்கொள்ளுங்கள். அவரைவிட வேகமானவர்கள், பலசாலிகள், ஓங்கி அடிப்பவர்கள் அவர் காலத்திலேயே எத்தனையோ பேர் இருந்தார்கள். பக் அடுத்து எங்கே வரும் என்பதை அவர் அளவுக்கு முன்பே பார்த்தவர் இல்லை. இந்த இரண்டும் உங்களுக்கு 8, 9. அதன் பிறகு, வந்த பக்கைக் கட்டுப்படுத்த பக் ஹேண்ட்லிங். ஒருவன் மேலே மோதினாலும் காலில் நிற்க பாலன்ஸ், ஸ்ட்ரெங்த். அந்த இடத்துக்கு மற்றவனுக்கு முன்பே போய்ச் சேர ஆக்ஸிலரேஷன், ஸ்பீட். இவ்வளவும் கைகூடிய பிறகுதான் ஷூட்டிங் அக்யூரசிக்கு வேலையே வருகிறது. நீங்கள் கட்டியிருப்பது கடைசி வாசலைத் தங்கத்தில் செய்துவிட்டு, அதற்கு முன்னால் உள்ள நான்கு வாசலையும் பூட்டி வைத்த வீடு.

என்னுடைய அனுபவம் ஒன்று சொல்கிறேன். சைமன் டி எஞ்சினில் ஆட்ட விவரம் வரி வரியாக எழுத்தில் வரும். யார் பக்கை எடுத்தார், யாருக்குப் பாஸ், யார் இடைமறித்தார், யார் மோதினார் என்று ஒவ்வொன்றும் ஒரு வரி. அப்போது என் ஆளும் விங்கர்தான். ஸ்கோரிங் என்ற திறனை மட்டும் ஏற்றி வைத்திருந்தேன். தொடர்ந்து கோல் இல்லாத ஒரு வாரத்தில் மூன்று ஆட்டத்தின் விவரத்தை அச்செடுத்து, என் ஆள் பெயர் வரும் வரியிலெல்லாம் பென்சிலால் கோடு போட்டேன். அவனிடம் பக் வந்த வரிக்கு அடுத்த வரி என்ன என்று ஓரத்தில் குறித்தேன். பக்கம் முழுக்க ஒரே கதை: பக் வருகிறது, அடுத்த வரியில் மோதி இழக்கிறான், பக் வருகிறது, பாஸ் கொடுக்கிறான், இடைமறிக்கப்படுகிறது. ஷாட் என்ற சொல்லே மூன்று ஆட்டத்திலும் சேர்த்து ஒரு கை விரலுக்குள் அடங்கிவிட்டது. அன்றைக்குப் பிறகு அடுத்த பத்து வாரப் புள்ளியும் பக் ஹேண்ட்லிங், ஸ்கேட்டிங் இரண்டிலும்தான் போனது. ஸ்கோரிங்கைத் தொடவே இல்லை. கோல் மெதுவாக வரத் தொடங்கியது. உங்கள் லீக்கிலும் ஆட்ட விவரக் குறிப்பு கிடைக்கும் என்றால் இதைச் செய்து பாருங்கள். ஒரு மணி நேர வேலைதான், ஆனால் யாருடைய ஆலோசனையையும்விட, என்னுடையதையும் சேர்த்தே சொல்கிறேன், அது நம்பகமானது.

இனி சந்தேகத்துக்குரிய பகுதி. ஃப்ராஞ்சைஸ் ஹாக்கி மேனேஜரை உருவாக்குவது அவுட் ஆஃப் தி பார்க் டெவலப்மென்ட்ஸ். எஞ்சினின் உள்கணக்கு அவர்களிடம்தான் இருக்கிறது, பதிப்புக்குப் பதிப்பு அதைத் திருத்தவும் செய்கிறார்கள். எனவே "கெட்டிங் ஓப்பன்தான் இந்த எஞ்சினின் ரகசியம், 17-க்கு மேல் போனால் வெடிக்கும்" என்பது போன்ற பேச்சை லீக் அரட்டைகளில் கேட்டால், அதை ஒருவருடைய நம்பிக்கை என்று மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். நானே ஒருமுறை சோதித்தேன். விளையாட்டை என் கணினியில் வைத்து, ஒரே வீரனின் ஒரே ஒரு திறனை மட்டும் மாற்றி, அதே சீசனைத் திரும்பத் திரும்ப ஓட்டினேன். இருபது தடவை ஓட்டியதில், எதையும் மாற்றாமலே ஒரு சீசனுக்கும் அடுத்த சீசனுக்கும் வந்த வித்தியாசம், திறனை இரண்டு படி ஏற்றியதால் வந்த வித்தியாசத்தைவிடப் பெரிதாக இருந்தது. நான்கைந்து படி சேர்த்து ஏற்றியபோதுதான் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி ஏதோ மாறியது. இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டது, ஒற்றைப் படியில் அற்புதம் நடக்காது என்பது. இதை நிரூபணம் என்று சொல்ல மாட்டேன், இருபது தடவை போதாது.

இன்னொரு விஷயத்தில் என்னோடு மோதுகிற அனுபவசாலிகளும் உண்டு. எல்லாத் திறனையும் சமமாக வளர்க்காதே, இரண்டு மூன்றைச் சிகரத்துக்குக் கொண்டுபோ, மற்றதைக் குழு பார்த்துக்கொள்ளும் என்பார்கள். முதல் லைனில், நல்ல பாஸ் கொடுக்கும் சென்டரின் (லைனின் நடுவில் ஆடுபவனின்) பக்கத்தில் ஆடுபவனுக்கு இது சரியாக இருக்கலாம், அங்கே மற்ற வேலையை மற்றவர்கள் செய்துவிடுகிறார்கள். மூன்றாவது லைனில் உங்கள் பக்கத்தில் ஆடுபவர்களும் உங்களைப் போல அரைகுறையாக வளர்ந்த ஆட்கள்தான். அங்கே பக்கை ஊட்டிவிட யாரும் இல்லை. அதனால் உங்கள் நிலைமைக்கு என் வழிதான் பொருந்தும் என்று நினைக்கிறேன்.

மறுபடியும் உறுதியான ஒன்று: விலை. நான் பார்த்த லீக் எல்லாவற்றிலும் மேலே போகப் போக ஒரு படிக்கு ஆகும் புள்ளி கூடிக்கொண்டே போகும். 8-இலிருந்து 9-க்கு ஏறுவதும் 17-இலிருந்து 18-க்கு ஏறுவதும் ஒரே விலை இல்லை. உங்கள் லீக்கின் விலைப் பட்டியலை எடுத்துப் பாருங்கள். அக்யூரசியை இரண்டு படி ஏற்றும் அதே புள்ளியில் கெட்டிங் ஓப்பன், ஆஃபென்ஸிவ் ரீட், பக் ஹேண்ட்லிங் மூன்றையும் 11, 12 வரை கொண்டுவந்துவிட முடியும் என்பது என் கணிப்பு. இருப்பதிலேயே மலிவாகவும் அவசியமாகவும் உள்ள புள்ளிகள் இவைதான்.

உடல் திறன்களில் ஆக்ஸிலரேஷனைத்தான் முதலில் ஏற்றுவேன், அப்புறம் ஸ்பீட். கானர் மெக்டேவிட் 2017, 2018, 2019 என்று தொடர்ந்து மூன்று வருடம் என்.எச்.எல். ஆல்-ஸ்டார் நிகழ்வின் வேகப் போட்டியை வென்றவர். ஆனால் அவர் ஆடுவதைக் கூர்ந்து பார்த்தால் பயமுறுத்துவது நேர்கோட்டு வேகத்தைவிட, நின்ற இடத்திலிருந்து இரண்டே தள்ளலில் முழு வேகத்துக்குப் போவதுதான். பனித்தளத்தில் நீண்ட தூரம் தடையின்றி ஓடும் வாய்ப்பு அரிது, குட்டிக் குட்டி ஓட்டங்கள்தான் அதிகம். எஞ்சின் இதை அப்படியே மதிக்கிறதா என்பதற்கு என்னிடம் ஆதாரம் இல்லை, நிஜ ஆட்டத்தை வைத்துச் சொல்கிறேன். ஸ்டாமினாவை இப்போது தொடாதீர்கள். மூன்றாவது லைன் விங்கர் ஆட்டத்துக்குப் பன்னிரண்டு, பதின்மூன்று நிமிடம் ஆடினால் பெரிது, அதுவும் முக்கால் நிமிட ஷிஃப்ட்களாக. களைப்பதற்கே அவனுக்கு நேரம் கிடைப்பதில்லை. மேல் லைனுக்குப் போய் இருபது நிமிடம் ஆட வேண்டிய நாள் வரும்போது அதில் போடலாம்.

மேல் லைனுக்குப் போவது எப்படி என்பதுதான் உங்கள் கேள்வியில் இல்லாத, ஆனால் நான் மிக முக்கியமாக நினைக்கும் பகுதி. உங்கள் ஆள் களத்தில் எத்தனை நிமிடம் இருக்கிறான் என்பதை முடிவு செய்வது எஞ்சின் இல்லை, உங்கள் அணியின் ஜி.எம். அவரும் நம்மைப் போல ஒரு மனிதர்தான். அவருக்கு ஒரு செய்தி அனுப்புங்கள்: "அடுத்த சீசனில் நம் அணியில் எந்த இடம் காலியாகிறது? அதற்கு நான் எப்படி வளர வேண்டும்?" நான் ஜி.எம். ஆக இருந்தபோது இப்படிக் கேட்டவர்கள் இரண்டு பேர்தான், இருவருக்கும் நேரத்தைக் கூட்டிக் கொடுத்தேன். சலுகை காட்டவில்லை. எனக்குத் தேவைப்பட்ட ஆளாக அவர்கள் தங்களை வளர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

குறிப்பாகப் பவர் பிளே பற்றிக் கேளுங்கள். எதிரணியில் ஒருவன் தவறு செய்து இரண்டு நிமிடம் வெளியே உட்காரும்போது ஐந்துக்கு நான்கு என்று ஆடுவார்களே, அந்த நேரம். கோல் அடிக்க இதைவிட நல்ல நேரம் இல்லை. ஓவெச்கின் 2021-இல் டேவ் ஆண்ட்ரேசக்கின் 274 பவர் பிளே கோல் என்ற சாதனையைத் தாண்டியது, இடது வட்டத்தில் தனக்கென ஒரு இடத்தில் நின்று வந்த பாஸை அப்படியே அடித்து அடித்துத்தான். உங்கள் 16, 15 ஷூட்டிங் உண்மையில் பயன்படக்கூடிய இடம் அதுதான். அந்த இடத்தை ஏற்கெனவே ஒரு நட்சத்திரம் பிடித்திருந்தால், கோலிக்கு முன்னால் நின்று அவன் கண்ணை மறைக்கும் வேலைக்கு ஆள் இருக்கிறதா என்று பாருங்கள். அதற்கு ஸ்க்ரீனிங் என்ற திறன். பலர் அதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை. ஸ்க்ரீனிங்கோடு கொஞ்சம் ஸ்ட்ரெங்த், பாலன்ஸ் சேர்த்தால் இரண்டாம் பவர் பிளே குழுவில் இடம் கிடைக்க நல்ல வாய்ப்பு உண்டு. கோலி தட்டிவிடும் பக் விழுவதும் அங்கேதான்.

புள்ளி போடக் கூடாத இடங்களையும் சொல்லிவிடுகிறேன். ஃபைட்டிங் வேண்டவே வேண்டாம். சண்டை போட்டால் ஐந்து நிமிடம் வெளியே, அந்த ஐந்து நிமிடத்தில் உங்கள் ஆளால் எதுவும் செய்ய முடியாது. அக்ரெஷனை ஏற்றாதீர்கள். அது ஏறினால் மோதலோடு தண்டனையும் ஏறும் என்றுதான் நான் பார்த்த வரை நடந்தது. ஒரு தண்டனையின் விலையைக் கணக்கிடலாம்: நிஜ லீக்கில் பவர் பிளேக்களில் ஐந்தில் ஒன்று கோலாகிறது, எனவே பத்து வீண் தண்டனை என்பது எதிரணிக்கு இரண்டு கோல் தானம். ஹிட்டிங் பார்க்க அழகாக இருக்கும், புள்ளிவிவரத்திலும் வரும். ஆனால் மோதுகிறான் என்றாலே அந்த நேரத்தில் பக் எதிரியிடம் இருக்கிறது என்று அர்த்தம். என் முதல் தடுப்பாட்டக்காரனை ஹிட்டிங்கும் ஃபைட்டிங்குமாக வளர்த்தேன், தண்டனை நிமிடங்களில் லீக்கிலேயே முன்னணி, அணியோ பின்தங்கியது. அதற்குப் பிறகுதான் நிக்லாஸ் லிட்ஸ்ட்ரோமின் கணக்கைத் தேடிப் படித்தேன். சிறந்த தடுப்பாட்டக்காரருக்கான நாரிஸ் கோப்பை ஏழு முறை. 1,564 ஆட்டத்தில் மொத்தமே 514 தண்டனை நிமிடம். ஆளை இடித்துத் தள்ளி அல்ல, சரியான இடத்தில் நின்று, மட்டையை நீட்டி வேலையை முடித்தவர். நம் எஞ்சினின் சொல்லில் பொசிஷனிங், டிஃபென்ஸிவ் ரீட், ஸ்டிக்செக்கிங். யாராவது தடுப்பாட்டக்காரனை உருவாக்கப் போகிறீர்கள் என்றால் இந்த மூன்றில் தொடங்குங்கள்.

விங்கருக்கு ஃபேஸ்ஆஃப் (நடுவர் போடும் பக்கை இருவர் போட்டியிட்டு எடுப்பது) தேவையே இல்லை. சென்டருக்கும் பலர் நினைக்கும் அளவுக்கு இல்லை: ஆட்டத்துக்கு அறுபது ஃபேஸ்ஆஃப் போல நடக்கும், ஒரு முதல் லைன் சென்டர் எடுப்பது இருபது. 50 சதவீதத்திலிருந்து 55-க்கு உயர்ந்தால் ஆட்டத்துக்கு ஒரே ஒரு பக் கூடுதல். கோலி பற்றி நான் வாய் திறக்கக் கூடாது, ஒருமுறைகூட வளர்த்ததில்லை. டிடர்மினேஷன், டீம் பிளேயர் போன்ற மனத் திறன்களை எல்லாருக்கும் ஒரே அளவில் பூட்டிவைக்கும் லீக்கும் உண்டு, திறந்துவிடும் லீக்கும் உண்டு, உங்கள் விதிப்புத்தகத்தைப் பாருங்கள்.

சரி, நான் உங்கள் இடத்தில் இருந்தால் கையில் உள்ள புள்ளியை எப்படிச் செலவழிப்பேன்? கெட்டிங் ஓப்பனை 12, ஆஃபென்ஸிவ் ரீடை 12, பக் ஹேண்ட்லிங்கை 11. மிச்சம் இருந்தால் ஆக்ஸிலரேஷன். வரும் வாரங்களில் பாலன்ஸ், ஸ்பீட், பாஸிங் எல்லாம் 11-ஐத் தொடும் வரை ஷூட்டிங் பக்கம் திரும்பவே மாட்டேன். டிஃபென்ஸிவ் ரீடையும் 10 ஆக்கிவிடுவேன், களத்தில் ஓட்டையாக இருக்கும் விங்கரை எந்த ஜி.எம்.-உம் ஆட்டம் இறுகும் நேரத்தில் களத்தில் இறக்க மாட்டார். நீங்கள் ஏற்கெனவே போட்ட 16-உம் 15-உம் வீண் இல்லை, முன்பணம் மாதிரி அங்கேயே காத்திருக்கும். ஒன்றை மட்டும் கவனத்தில் வையுங்கள். பெரும்பாலான லீக்குகளில் குறிப்பிட்ட சீசன்களுக்குப் பிறகு வீரனுக்கு வயதாகி, புள்ளிகள் கழியத் தொடங்கும். அப்போது மேலே உள்ள விலை கூடிய படி ஒன்றை இறக்கினாலே நிறையப் புள்ளி கிடைக்கும், அதை வைத்தே அந்தக் கழிவை ஈடுகட்டலாம், மலிவான கீழ்ப்படிகளைத் தொட வேண்டியிருக்காது. எனவே இப்போது கட்டும் அடித்தளம் கடைசி வரை உங்களோடு வரும்.

மாற்றிய பிறகு இருபது ஆட்டம் பொறுங்கள். அதுவரை கோல் கட்டத்தைப் பார்க்காதீர்கள். ஒரு தாளில் ஆட்டத்துக்கு எத்தனை ஷாட், எத்தனை நிமிடம் என்ற இரண்டு எண்ணை மட்டும் குறித்து வாருங்கள். நிமிடம் அப்படியே இருந்து ஷாட் ஏறினால் புள்ளிகள் வேலை செய்கின்றன. இரண்டும் ஏறினால் உங்கள் ஜி.எம். கவனித்துவிட்டார். இரண்டுமே அசையாவிட்டால் என் கணிப்பு தவறு, இங்கேயே வந்து அந்த எண்களோடு எழுதுங்கள், மறுபடி உட்கார்ந்து பார்க்கலாம். ஷாட் ஆட்டத்துக்கு இரண்டைத் தாண்டிய வாரத்தில் அக்யூரசியை 17 ஆக்கிக்கொள்ளுங்கள்.